மூன்றாவது மணி நேரத்தில் வலிக்காத இருக்கை எது?

வாசகர் கேள்வி – பதில்

நெடுந்தூரம் பைக் ஓட்டுபவர்களிடமிருந்து இந்த மாதம் வந்த கடிதங்களில் பெரும்பாலானவை இருக்கையைப் பற்றியவை. வண்டியோடு வந்த இருக்கையை மாற்றலாமா, எதை வாங்கலாம், உள்ளூர்க் குஷன் கடையில் செய்துகொள்ளலாமா என்றெல்லாம் கேட்டிருக்கிறார்கள். அவற்றில் ஆறு கடிதங்களை இங்கே எடுத்துக்கொண்டிருக்கிறேன்.

நான் ராயல் என்ஃபீல்டு கிளாசிக் 350 வைத்திருக்கிறேன். மாதம் ஒருமுறை சென்னையிலிருந்து திருநெல்வேலிக்கு வண்டியிலேயே வந்துபோகிறேன். விழுப்புரம் தாண்டும்போதே உட்காரும் இடத்தில் வலி தொடங்கிவிடுகிறது. திருச்சி வருவதற்குள் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை நெளிய வேண்டியிருக்கிறது. கடையில் ஜெல் இருக்கை, மெமரி ஃபோம் இருக்கை, அகலமான டூரிங் இருக்கை என்று மூன்றைக் காட்டுகிறார்கள். எதை வாங்குவது?
— வாசகர், திருநெல்வேலி

கடைக்குப் போவதற்கு முன்னால் ஒரு பயணம் முழுவதும், எங்கே வலிக்கிறது, எத்தனை மணி நேரத்துக்குப் பிறகு வலிக்கிறது என்ற இரண்டையும் கவனித்துக் குறித்துவையுங்கள். ‘உட்காரும் இடத்தில் வலி’ என்று பொதுவாகச் சொல்லும்போது அது நான்கைந்து வேறு வேறு கோளாறுகளுக்குப் பெயராகிவிடுகிறது. ஒவ்வொன்றுக்கும் மருந்தும் வேறு. பிட்டத்தின் அடியில் இரண்டு புள்ளிகளில் மட்டும் குத்துவதுபோல வலித்தால் ஃபோம் அமுங்கிப்போய்விட்டது அல்லது இருக்கை உங்களுக்குப் போதிய அகலமாக இல்லை என்று பொருள். தொடையின் உட்பக்கம் வலித்தால் இருக்கையின் ஓரம் கூர்மையாக இருக்கிறது அல்லது முன்பகுதி அளவுக்கு மீறி அகன்றிருக்கிறது. முதுகுத்தண்டின் நுனி வலித்தால் நீங்கள் பின்னால் சரிந்து உட்காருகிறீர்கள். அதற்கு இருக்கை மட்டுமன்றி ஹேண்டில்பாரும் ஃபுட்ரெஸ்டும் காரணமாக இருக்கலாம். தோல் எரிந்தால் அது வியர்வையும் வெப்பமும் தையலும் செய்யும் வேலை. அதற்காக ஃபோமை மாற்றிப் பயனில்லை.

உங்கள் கடிதத்தில் உள்ள விவரத்தைப் பார்த்தால் முதலாவது வகையாகவே தோன்றுகிறது. நாம் நிமிர்ந்து உட்காரும்போது உடலின் மேற்பகுதி எடையில் பெரும்பங்கு இடுப்பெலும்பின் அடியில் துருத்திக்கொண்டிருக்கும் இரண்டு முண்டுகளின் மேல் இறங்குகிறது. அந்த முண்டுகளுக்கும் இருக்கைக்கும் நடுவில் அகப்பட்ட தசையிலும் தோலிலும் உள்ள நுண்ணிய இரத்தக் குழாய்கள் நசுங்குகின்றன. மருத்துவர் கையில் பட்டை கட்டி அளக்கும் இரத்த அழுத்தம் 120 என்றால், இந்த நுண்குழாய்களில் அது ஏறத்தாழ 32 மட்டுமே என்று பாடநூல்கள் சொல்கின்றன. ஆகவே, அவற்றை அடைக்கப் பெரிய அழுத்தம் எதுவும் தேவையில்லை. இரத்தம் ஓடாத இடம் முதலில் மரத்துப்போகும், பிறகு எரியும், பிறகு வலிக்கும். நல்ல இருக்கையின் வேலை அந்த எடையை இரண்டு புள்ளிகளில் நிற்கவிடாமல் பிட்டம் முழுவதுக்கும் தொடையின் பின்பகுதிக்கும் பகிர்ந்துகொடுப்பதுதான்.

மென்மையான இருக்கை ஏமாற்றுவதும் இந்த இடத்தில்தான். கடையில் கட்டைவிரலால் அழுத்திப் பார்க்கும்போது பஞ்சுபோல இறங்கும் ஃபோம், ஐந்து நிமிடம் உட்காருவதற்கு மிகச் சுகமாக இருக்கும். ஆனால் எலும்பு இருக்கும் இடத்தில் அது முழுவதும் அமுங்கி, அரை மணி நேரத்தில் நீங்கள் அடியில் இருக்கும் பிளாஸ்டிக் தட்டின் மேல் உட்கார்ந்திருப்பீர்கள். சுற்றிலும் உள்ள ஃபோமோ எடை எதையும் தாங்காமல் சும்மா கிடக்கும். சற்றுக் கெட்டியாக, அழுத்த அழுத்த எதிர்த்துத் தாங்கும் ஃபோம் முதல் ஐந்து நிமிடத்தில் மனத்துக்குப் பிடிக்காமல் போகலாம். மூன்றாவது மணி நேரத்தில் அதுவே காப்பாற்றும். கடைக்காரரிடம் கேட்கும்போது அடர்த்தி வேறு, கெட்டித்தன்மை வேறு என்பதை நினைவில் வையுங்கள். ஒரு கன மீட்டர் ஃபோம் எத்தனை கிலோ எடை என்பது அடர்த்தி. அந்த ஃபோம் எத்தனை காலம் குழி விழாமல் உழைக்கும் என்பதை அது காட்டும். உட்காரும்போது எவ்வளவு இறங்கும் என்பது கெட்டித்தன்மை. அடர்த்தி அதிகமாகவும் கெட்டித்தன்மை நடுத்தரமாகவும் உள்ள, ‘எச்.ஆர்.’ என்று கடைகளில் சொல்லும் மீள்திறன் மிக்க ஃபோம்தான் நம் தேவைக்குச் சரியானது.

இனி நீங்கள் கேட்ட மூன்று. மெமரி ஃபோம் வெப்பத்தால் இளகும் பொருள். உடல் சூட்டில் இளகி உருவத்துக்கேற்ப வளைவதே அதன் சிறப்பு. ஆனால் மே மாதத்தில் ஓட்டலுக்கு வெளியே வெயிலில் நின்ற வண்டியில் அது ஏற்கெனவே இளகித்தான் இருக்கும். நீங்கள் உட்கார்ந்ததும் அடிவரை இறங்கிவிடும். விடியற்காலையில் கொடைக்கானலில் ஏறி உட்கார்ந்தால் அதுவே விறைத்துக் கிடக்கும். மேலே ஒரு மெல்லிய அடுக்காக இருந்தால் பயன் உண்டு. முழு இருக்கையும் அதுவாக இருக்கக் கூடாது. ஜெல் காற்றைப்போல அமுங்குவதில்லை; அழுத்திய இடத்திலிருந்து பக்கவாட்டில் ஒதுங்குகிறது. கூர்மையான அழுத்தத்தையும் எஞ்சின் அதிர்வையும் அது ஓரளவு தணிக்கும் என்பது உண்மை. ஆனால் வெயிலில் நின்ற ஜெல் சூட்டை நெடுநேரம் விடாமல் வைத்திருக்கும். கறுப்பு ரெக்சினுக்கு அடியில் அது இருந்தால் மதிய வேளையில் உட்காரவே முடியாது. நிழலில் நிறுத்த வசதியுள்ளவருக்கு அது குறையில்லை. தேசிய நெடுஞ்சாலையோரக் கடைகளில் நிறுத்துபவருக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன்.

மூன்றில் அகலமான டூரிங் இருக்கைதான் உங்களுக்குப் பொருந்தும் என்பது என் கருத்து. ஆனால் அகலம் பின்பகுதியில், அதாவது நீங்கள் உட்காரும் இடத்தில், இருக்க வேண்டும். டேங்கை ஒட்டிய பகுதி குறுகியே இருக்க வேண்டும். எவ்வளவு அகலம் என்பதை வீட்டிலேயே அளந்துகொள்ளலாம். சைக்கிள் கடைகளில் செய்யும் முறைதான் இது. கெட்டியான மர முக்காலியின் மேல் நெளிவு அட்டைப்பெட்டியின் துண்டு ஒன்றை வைத்து, அதன் மேல் உட்கார்ந்து முழங்கால்களைச் சற்று உயர்த்துங்கள். எழுந்து பார்த்தால் அட்டையில் இரண்டு குழிகள் தெரியும். அவற்றின் மையங்களுக்கு இடைப்பட்ட தூரம் பெரும்பாலானவர்களுக்கு 100 முதல் 150 மில்லிமீட்டருக்குள் இருக்கும். இரண்டு குழிகளும் இருக்கையின் தட்டையான பகுதிக்குள், ஓரத்திலிருந்து நன்றாக உள்ளே தள்ளி அமைய வேண்டும். குழி விழும் இடத்துக்கு நேராகத் தையலோ, தையலோரம் புடைத்து நிற்கும் பைப்பிங்கோ ஓடினால், அந்த இருக்கை எவ்வளவு அழகாக இருந்தாலும் வேண்டாம்.

வாங்குவதற்கு முன் இருக்கையில் முழங்காலை ஊன்றி உங்கள் எடையை அதன் மேல் போட்டுப் பாருங்கள். அடித்தட்டு முழங்காலில் தட்டுப்பட்டால் வைத்துவிட்டு வாருங்கள். வண்டியில் மாட்டி, பயணத்தில் அணியும் அதே பேன்ட்டோடு, கால்கள் ஃபுட்ரெஸ்டிலும் கைகள் ஹேண்டிலிலும் இருக்க, குறைந்தது இருபது நிமிடம் உட்கார்ந்து பார்க்கக் கடைக்காரர் சம்மதிக்க வேண்டும். சென்னையில் ஜெனரல் பேட்டர்ஸ் சாலையில் உள்ள கடைகளில் கூட்டம் இல்லாத முற்பகலில் போனால் இதற்கு இடம் கிடைக்கும். இன்னொன்றும் உண்டு. உங்களுடையது 2021-க்கு முந்தைய கிளாசிக் என்றால் அதன் எஞ்சினில் அதிர்வைக் குறைக்கும் பேலன்ஸர் தண்டு கிடையாது. அப்படிப்பட்ட வண்டியில் இருக்கைக்கு அடியில் உள்ள ரப்பர் புஷ்கள் தேய்ந்திருந்தால் அதிர்வு நேராக எலும்புக்கு வந்து சேரும். புது இருக்கைக்குப் பணம் கொடுப்பதற்கு முன் அந்த ரப்பர்களை மாற்றிப் பாருங்கள். செலவு மிகக் குறைவு.

இருக்கையின் மேல் போடும் காற்றடைத்த குஷன், வலைத்துணி உறை ஆகியவை உண்மையில் பயன் தருமா? நான் கோவையிலிருந்து ஹம்பி வரை போகத் திட்டமிட்டிருக்கிறேன்.
— வாசகர், கோயம்புத்தூர்

இரண்டும் பயன் தரும். ஆனால் இரண்டும் செய்வது வேறு வேறு வேலை. காற்றறைகள் கொண்ட குஷன் சக்கர நாற்காலியில் நாள் முழுவதும் இருப்பவர்களுக்குப் படுக்கைப்புண் வராமலிருக்க உருவான அமைப்பிலிருந்து வந்தது. அறைகள் ஒன்றோடொன்று இணைந்திருப்பதால் எலும்பு அழுத்தும் இடத்திலிருந்து காற்று விலகிப் பக்கத்து அறைகளுக்குப் போய் எடையைப் பகிர்கிறது. இதில் ஏறத்தாழ எல்லோரும் செய்யும் தவறு, கல்லுப்போலக் காற்றை நிரப்பிவிடுவது. அப்படிச் செய்தால் பந்தின் மேல் உட்கார்ந்ததுபோல வண்டி வளைவில் ஆடும், வலியும் குறையாது. ஓரளவு நிரப்பி, வண்டியில் உட்கார்ந்த பிறகு வால்வைத் திறந்து, அடியில் உள்ள இருக்கையை எலும்பு தொடுவதற்குச் சற்று முன்னால் மூட வேண்டும். உட்கார்ந்திருப்பவர் இருக்கையிலிருந்து ஒரு விரல் கனத்துக்கு மேலே மிதந்தால் போதும். வெயில் ஏற ஏறக் காற்று விரியும் என்பதால் நண்பகலில் ஒருமுறை சிறிது வெளியேற்றிவிடுங்கள்.

வலைத்துணி உறை எடையைப் பகிர்வதில்லை. உடலுக்கும் ரெக்சினுக்கும் இடையில் காற்று புக வழி செய்கிறது. நம் ஊர் வெப்பத்துக்கு அது சிறிய உதவி அன்று. வியர்வையில் ஊறிய தோல்தான் எளிதில் உரசிப் புண்ணாகும். 24 மணி நேரத்தில் 1,000 மைல், அதாவது 1,609 கிலோமீட்டர், ஓட்டிச் சான்றிதழ் பெறும் அமெரிக்க அயர்ன் பட் சங்கத்து ஓட்டிகளில் பலர் செம்மறித் தோலையோ, டாக்ஸி ஓட்டுநர்கள் இருக்கையில் விரிப்பதுபோன்ற மரமணி விரிப்பையோ பயன்படுத்துவதும் இதே காரணத்துக்காகத்தான். செம்மறித் தோல் மழையில் நனைந்தால் காய்வதற்கு நெடுநேரமாகும். நமக்கு வலைத்துணியே போதும். எதைப் போட்டாலும் அது நழுவாமல் இருக்கையின் அடிவரை வார்களால் இறுகக் கட்டப்பட்டிருக்க வேண்டும். பிரேக் பிடிக்கும்போது குஷன் முன்னால் நகர்ந்தால் ஓட்டுபவரும் அதோடு நகர்வார்.

என் உயரம் 157 சென்டிமீட்டர். ஹிமாலயன் 450 வாங்கியிருக்கிறேன். இரண்டு கால்களின் நுனி மட்டுமே தரையில் படுகிறது. இருக்கையின் ஃபோமை வெட்டி உயரத்தைக் குறைக்கலாம் என்கிறார்கள். நெடுந்தூரம் போகும் எனக்கு அது சரிவருமா?
— வாசகி, தஞ்சாவூர்

அந்த வண்டியின் இருக்கையை 825, 845 மில்லிமீட்டர் என்று இரண்டு உயரங்களில் பொருத்த முடியும். உங்களுடையது தாழ்ந்த நிலையில்தான் பொருந்தியிருக்கிறதா என்பதை முதலில் பாருங்கள். வண்டியை ஒப்படைக்கும்போது சிலர் இதைச் சொல்வதே இல்லை.

ஃபோமை மேலிருந்து வெட்டுவது எனக்கு உடன்பாடில்லை. குறையும் ஒவ்வொரு விரற்கடையும் எலும்புக்கும் தட்டுக்கும் இடையே உள்ள காப்பிலிருந்துதான் குறைகிறது. அதோடு இருக்கைக்கும் ஃபுட்ரெஸ்டுக்கும் உள்ள தூரமும் சுருங்குவதால் முழங்கால் கூடுதலாக மடங்கி, இரண்டு மணி நேரத்தில் வலி அங்கே இடம் மாறிவிடும். கால் தரைக்கு எட்டுவது உயரத்தை மட்டும் பொறுத்ததன்று. கால்களை எவ்வளவு விரித்து இறக்க வேண்டியிருக்கிறது என்பதையும் பொறுத்தது. ஆகவே இருக்கையின் முன்பகுதியில், தொடை உரசும் இரு பக்க விளிம்புகளையும் சீவிச் சரிவாக்கச் சொல்லுங்கள். கால் நேராக இறங்கும்போது கிடைக்கும் அந்தக் கூடுதல் நீளம், நுனிவிரலில் நிற்பவரைப் பாதத்தின் முன்பாதியில் நிற்கவைக்கும். ஆனால் பின்பகுதியின் அகலத்தைக் குறைக்க விடாதீர்கள். பெண்களுக்கு அந்த இரண்டு எலும்பு முண்டுகளுக்கு இடைப்பட்ட தூரம் சராசரியாக ஆண்களைவிடக் கூடுதல். சந்தையில் உள்ள பல இருக்கைகள் அதை நினைத்துச் செய்யப்பட்டவை அல்ல என்பதைப் பெண் ஓட்டிகள் எனக்குத் தொடர்ந்து எழுதிவருகிறார்கள். அந்தக் குறை முற்றிலும் நியாயமானது.

அடிப்பகுதி கனமான பூட்ஸ் அணிவதும் உதவும். ஷாக் அப்சார்பர் இணைப்பை மாற்றி வண்டியையே தாழ்த்தச் சொல்பவர்கள், சைடு ஸ்டாண்டையும் அதே அளவுக்குக் குறைக்க வேண்டும் என்பதைச் சொல்ல மறந்துவிடுகிறார்கள். குறைக்காவிட்டால் நிறுத்திய வண்டி ஏறத்தாழ நேராக நிற்கும். ஒரு காற்றுக்கே மறுபக்கம் சாய்ந்துவிடக்கூடும்.

கம்பெனி இருக்கைக்குப் பதிலாக உள்ளூர்க் குஷன் கடையில் செய்துகொள்ளலாமா? என்னவெல்லாம் சொல்லிச் செய்யச் சொல்ல வேண்டும்?
— வாசகர், சேலம்

தாராளமாகச் செய்யலாம். கைதேர்ந்த தொழிலாளி ஒருவர் உங்கள் உடலைப் பார்த்துச் செய்யும் இருக்கைக்கு எந்தப் பெட்டியில் அடைத்து வரும் இருக்கையும் ஈடாகாது. ஆனால் அவரிடம் ‘நல்ல குஷனாகப் போடுங்கள்’ என்று மட்டும் சொன்னால் அவர் மென்மையாகத்தான் போடுவார். பெரும்பாலான வாடிக்கையாளர்கள் அதைத்தான் விரும்பிக் கேட்கிறார்கள்.

பத்தாண்டுகளுக்கு முன் நானும் அப்படியே சொல்லிக் கொடுத்துவிட்டு வந்தேன். பழைய ஃபோமின் மேலேயே இரண்டு அங்குலம் மெத்தை ஸ்பாஞ்சை ஒட்டி, வைர வடிவத் தையல் போட்ட அழகான உறையை மாட்டித் தந்தார்கள். முதல் வாரம் மகிழ்ச்சியாக இருந்தது. இரண்டாவது மாதத்தில் நடுவில் குழி விழுந்தது. ஐப்பசி மழையில் அத்தனை தையல் துளை வழியாகவும் நீர் இறங்கி ஸ்பாஞ்சில் தங்கிவிட்டது. வெயிலில் மூன்று நாள் வைத்தும், உட்கார்ந்தால் பேன்ட் நனைந்தது. கடைசியில் அடித்தட்டு வரை பிரித்து மறுபடி செய்ய வேண்டியதாயிற்று.

ஆகவே முதலாவதாக, வண்டியோடு வந்த இருக்கையைத் தொடாதீர்கள். பழைய இருக்கை ஒன்றை, அடித்தட்டு விரிசல் இல்லாததாகப் பார்த்து வாங்கி, அதில் வேலை செய்யச் சொல்லுங்கள். பழைய ஃபோமின் மேல் அடுக்காமல், உட்காரும் இடத்தில் அதை வெட்டி எடுத்துவிட்டு அந்த இடத்தை நிரப்பச் சொல்லுங்கள்: அடியில் துண்டு ஃபோம்களை அழுத்திச் செய்த கெட்டியான ரீபாண்ட் ஃபோம், அதன் மேல் எச்.ஆர். ஃபோம், மேலே விரும்பினால் ஒரு மெல்லிய மென்படலம். பசை திட்டுத்திட்டாகத் தங்கினால் காய்ந்த பிறகு அது கல்லாக உறுத்தும். மெல்லிதாக, சீராகப் பூச வேண்டும். உட்காரும் பகுதி டேங்கை நோக்கிச் சரியாமல் ஏறத்தாழ மட்டமாக இருக்க வேண்டும் என்பதை நீங்கள் உட்கார்ந்த நிலையில் அவரே பார்த்துச் சரிசெய்யட்டும். வண்டியில் உட்கார்ந்தபடி பக்கவாட்டில் எடுத்த படத்தையும், உயரத்தையும், எடையையும் கேட்டு வாங்கிய பிறகே வேலையைத் தொடங்கும் பட்டறைகள் அமெரிக்காவில் உண்டு. நம் தொழிலாளிக்கு நீங்கள் நேரிலேயே இருக்கிறீர்கள். அந்த வசதியைப் பயன்படுத்திக்கொள்ளுங்கள்.

உறை தைப்பதற்கு முன், ஃபோமின் மேல் பாலித்தீன் தாளையும் ஒரு துணியையும் இறுகச் சுற்றிக்கொண்டு ஐம்பது கிலோமீட்டராவது ஓட்டிவிட்டு வாருங்கள். இதற்கு ஒப்புக்கொள்ளும் கடைக்காரர் கிடைத்தால் அவரை விடாதீர்கள். திருத்தம் எல்லாம் முடிந்த பிறகு, உட்காரும் பரப்பில் தையலே இல்லாத உறையாகத் தைத்து, அதற்கும் ஃபோமுக்கும் இடையில் அந்தப் பாலித்தீன் தாளை நிலையாக வைக்கச் சொல்லுங்கள். மேற்பரப்பு வழுக்கும் ரெக்சினாக இல்லாமல் சற்றுச் சொரசொரப்பாக இருப்பது நல்லது. மாட்டிய பிறகு இருக்கையின் பூட்டு முழுவதும் விழுகிறதா, பக்கவாட்டில் ஆடுகிறதா என்று கடையிலேயே பாருங்கள்.

என் மனைவி சேலை அணிந்து ஒருபக்கமாகத்தான் உட்காருவார். மதுரையிலிருந்து திருச்செந்தூர் போய் இறங்கும்போது இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். பின்னிருக்கைக்கு என்ன செய்யலாம்?
— வாசகர், மதுரை

இருக்கை பற்றிய பேச்சில் பின்னால் உட்காருபவரை நாம் அநேகமாக மறந்தே போகிறோம். நீங்கள் கேட்டது எனக்கு மிகுந்த மகிழ்ச்சி. ஒருபக்கமாக உட்காருபவரின் எடை இருக்கையின் நீளவாக்கில் பரவாமல் அதன் குறுகிய அகலத்தில், அதுவும் விளிம்பில் இறங்குகிறது. முதுகும் இடுப்பும் திருகிய நிலையில் இருக்கின்றன. ஆகவே அவருக்கு வேண்டியது உயரமான குஷன் அன்று. அகலமான, மட்டமான, ஓரம் உருண்ட இருக்கை. தனித்தனியாகப் பிரிந்து பின்பகுதி சிறியதாக இருக்கும் இருக்கையைவிட, ஒரே நீளமாக வரும் இருக்கை அவருக்கு ஏற்றது.

அவருடைய இரண்டு கால்களுக்கும் ஊன்ற இடம் வேண்டும். சாரி கார்டோடு சேர்ந்த கால்தட்டு அவர் காலுக்கு எட்டும் உயரத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். கால் தொங்கினால் அந்த எடையும் தொடையின் அடியில்தான் அறுக்கும். பிடித்துக்கொள்வதற்குக் கைப்பிடியோ இருக்கையின் குறுக்கே உள்ள வாரோ இருந்தே ஆக வேண்டும். மத்திய மோட்டார் வாகன விதிகளின் 123-ஆம் விதி பின்னிருப்பவருக்குக் கைப்பிடி, கால்தாங்கி, பின்சக்கரத்தில் பாதியாவது மறையும் துணிக்காப்பு ஆகிய மூன்றையும் கட்டாயமாக்கியிருக்கிறது. புது உறை தைக்கும்போது அந்த வாரைக் கழற்றிவிட்டு, அது இல்லாமலேயே திருப்பித் தரும் கடைகளை நான் பார்த்திருக்கிறேன். கேட்டு வாங்கி மாட்டச் சொல்லுங்கள்.

இவை எல்லாவற்றையும்விட, இரண்டு பக்கமும் கால் போட்டு உட்காருவது அவர் முதுகுக்கும் பாதுகாப்புக்கும் நல்லது. நெடும்பயணத்துக்கு மட்டுமாவது சுடிதார் அணிந்து அப்படி உட்கார அவருக்கு விருப்பமா என்று கேட்டுப் பாருங்கள். எப்படி உட்கார்ந்தாலும் ஒரு மணி நேரத்துக்கு ஒருமுறை நிறுத்தி இருவரும் பத்து நிமிடம் நடங்கள்.

வலி இல்லை, ஆனால் ஒரு மணி நேரத்தில் முன்பக்கம், தொடைகளுக்கு நடுவில் மரத்துப்போகிறது. இதுவும் இருக்கையின் குறையா?
— பெயர் வெளியிட விரும்பாத வாசகர்

பெரும்பாலும் ஆம். இருக்கை முன்னால் சரிந்திருப்பதால் உடல் டேங்கின் மேல் போய்ச் சாய்ந்து, அங்கே ஓடும் நரம்பு அழுந்துகிறது. இருக்கையின் முன்முனையைச் சற்று உயர்த்தி மட்டமாக்கினால் பலருக்கு இது தீர்ந்துவிடும். இருக்கையின் அடியில் உள்ள முன் ரப்பர்களுக்குக் கீழே மெல்லிய ரப்பர் வில்லைகள் வைத்து முதலில் சோதித்துப் பார்க்கலாம். பூட்டு சரியாக விழுகிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். தடித்த தையலுள்ள ஜீன்ஸைத் தவிர்த்துப் பாருங்கள். ஓட்டும்போது சாலை காலியாக உள்ள இடத்தில் ஃபுட்ரெஸ்டில் ஊன்றி உடலைச் சில நொடிகள் இருக்கையிலிருந்து தூக்கினாலும் இரத்த ஓட்டம் திரும்பும். வண்டியை விட்டு இறங்கிய பிறகும் மரத்த உணர்வு மணிக்கணக்கில் நீடித்தாலோ, சிறுநீர் கழிப்பதில் சிரமம் இருந்தாலோ, கூச்சப்படாமல் உடனே மருத்துவரைப் பாருங்கள்; அதற்கு இருக்கையை மாற்றிக்கொண்டு காத்திருக்க வேண்டாம்.